ஆறு கிலோமீட்டர்க் கணக்கு

இந்தியக் கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டுசேர்க்கும் வேலையைச் செயற்கைக்கோள்கள் ஏற்றுக்கொள்ளப்போகின்றன என்ற எண்ணம், 2025 ஜூன் மாதம் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு ஒன்றிய அரசு உரிமம் வழங்கியதிலிருந்து பொதுப் பேச்சில் வேர்பிடித்துவிட்டது. ஆனால் அடுத்த மாத இறுதியிலேயே, ஸ்டார்லிங்கால் இந்தியாவில் 20 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே சேவை தர இயலும் என்று ஒன்றியத் தகவல்தொடர்புத் துறை இணையமைச்சர் பெம்மசானி சந்திரசேகர் கூறியது, உரிமச் செய்தி பெற்ற கவனத்தில் ஒரு பங்கைக்கூடப் பெறவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டின் ஊர்ப்புறங்களில் வாழ்வோர் 83 கோடிப் பேர். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கு, மற்றவர்களுக்கெல்லாம் எது வழி என்ற கேள்வி எழாமல் இருக்காது.

அந்த வழி நிலத்தின் மீதே இருக்கிறது. ஏற்கெனவே எல்லோர் கையிலும் உள்ள கைபேசி வலையமைப்பின் தொழில்நுட்பத்தையே எடுத்துக்கொண்டு, தாழ்ந்த அதிர்வெண், உயரமான கோபுரம், கூரைமேல் நிறுத்தும் ஆண்டெனா, கைபேசியின் ஆற்றலை வீணாக்காத அலைவடிவம் ஆகியவற்றால் ஒரு கோபுரத்தின் எல்லையைப் பல மடங்கு விரிப்பதே நெடுந்தொலைவுச் செல்லுலார் எனப்படுகிறது. இதை வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை என்று கருத வேண்டியதில்லை. இதன் கணக்கைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அவையில் முன்வைத்து ஏற்கச் செய்ததே இந்தியாதான், அதில் சென்னைப் பொறியாளர்களின் பங்கு பெரியது.

செயற்கைக்கோளின் வரம்பு அதன் வடிவிலேயே உள்ளது. ஸ்டார்லிங்கின் முதல் தலைமுறைத் தொகுதியைச் சேர்ந்த 4,408 செயற்கைக்கோள்களுக்கு வகுக்கப்பட்ட உயரம் 540 முதல் 570 கிலோமீட்டர். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செயற்கைக்கோள்களோடு ஒப்பிட்டால் இது மிக அருகில் என்பதால், ஒரு சொல்லுக்கு மறுமொழி வரும் தாமதம் அரை நொடிக்கும் மேலிருந்து நொடியின் சிறு பின்னமாகக் குறைந்திருக்கிறது. இது மெய்யான சாதனை. எனினும் அத்தனை உயரத்திலிருந்து தரையை நோக்கி வரும் ஒவ்வொரு கதிர்க்கற்றையும் பரந்த நிலப்பரப்பில் விழுகிறது. அப்பரப்பில் உள்ள அனைவரும் ஒரே கொள்ளளவைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 20 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தைக் கனடாவின் வடபகுதியில் வரைந்தால் அதனுள் சில பண்ணை வீடுகள் அகப்படலாம். சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 555 பேர் வாழும் தமிழகத்தில் அதே வட்டத்தை வரைந்தால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனுள் இருப்பார்கள். ஆக, மக்கள் அருகிய நிலத்துக்கு மிகப் பொருத்தமான ஒரு கருவியை மக்கள் நெருங்கி வாழும் நிலத்துக்கு முதல் மருந்தாக எழுதிக்கொடுப்பது சரியாகாது.

கேட்கும் காதுதான் சிக்கல்

வானொலி அலை எவ்வளவு தூரம் போகும் என்பதை முதலில் வரையறுப்பது பூமியின் வளைவு. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஏறத்தாழ நான்கால் பெருக்கினால், அலை தடையின்றிச் சென்றுசேரும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 40 மீட்டர்க் கோபுரத்துக்கு இது 26 கிலோமீட்டர். மறுமுனையில் வீட்டுக் கூரைமேல் 10 மீட்டர் உயரத்தில் ஓர் ஆண்டெனா இருந்தால் இன்னும் 13 கிலோமீட்டர் சேரும். 1980களில் தமிழகக் கடலோர மாவட்டங்களில் உயரக் குழாய்களின் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டி, பூஸ்டர் இணைத்து, இலங்கையின் ரூபவாகினியைப் பார்த்த தலைமுறைக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில், 2,500 மீட்டருக்கும் மேலே நின்ற ஒளிபரப்பிக்கு அந்த எட்டு வாய்த்ததற்கு மலையின் உயரம் ஒரு காரணம். கடல்மேல் உள்ள காற்றுப் படலங்கள் அலையைக் கீழ்நோக்கி வளைத்துத் தந்தது மற்றொரு காரணம்.

தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் இடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. தொலைக்காட்சிப் பெட்டி கேட்டுக்கொண்டிருந்தால் போதும், கைபேசியோ பதில் சொல்லியாக வேண்டும். கோபுரத்தில் உள்ள ஒலிபரப்புக் கருவி 40 வாட் ஆற்றலில் பேசும்போது, சட்டைப் பையில் உள்ள கைபேசி பேசக்கூடிய உச்ச ஆற்றல் 0.2 வாட் மட்டுமே. அதாவது இருநூறில் ஒரு பங்கு. எனவே கோபுரத்தின் குரல் கைபேசிக்குக் கேட்டாலும், கைபேசியின் குரல் கோபுரத்துக்குக் கேட்பதில்லை. திரையில் இரண்டு கோடுகள் தெரிந்தும் அழைப்பு போகாமல் நிற்பதும், காணொளி ஓடினாலும் விண்ணப்பப் படிவத்தோடு இணைக்க வேண்டிய படம் மேலேறாமல் சுற்றிக்கொண்டே இருப்பதும் ஊர்ப்புறங்களில் அன்றாடக் காட்சி என்பதற்கு இதுவே காரணம். கைபேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் இந்தத் திசையை ஏறுவழி எனலாம். நெடுந்தொலைவுச் செல்லுலார் பற்றிய ஆய்வுகள் அனைத்தும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்த ஏறுவழிதான்.

கைபேசியின் ஆற்றலைக் கூட்டிவிடலாமே என்றால், தரையை ஒட்டிச் செல்லும் அலை தூரத்தோடு மிக விரைவாகத் தேய்வதால், ஆற்றலை இரட்டிப்பாக்கினாலும் எட்டும் தூரம் ஐந்தில் ஒரு பங்கே கூடும். மின்கலமும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அதிர்வெண்ணைத் தாழ்த்துவது இதைவிடப் பயன் தருகிறது: சம திறனுள்ள ஆண்டெனாக்களை வைத்து ஒப்பிட்டால், 3,500 மெகாஹெர்ட்ஸ் அலையைவிட 700 மெகாஹெர்ட்ஸ் அலை வெட்டவெளியிலேயே 25 மடங்கு வலுவாகச் சென்றுசேரும், தோப்புகளையும் சுவர்களையும் கடப்பதிலும் அதற்கே வல்லமை அதிகம். அதைக்காட்டிலும் பெரிய ஆதாயம் கூரைமேல் கிடக்கிறது. செங்கல் சுவருக்கும் கான்கிரீட் கூரைக்கும் உள்ளே தேய்ந்துபோகும் அலையை வெளியிலேயே பிடித்து, கோபுரத்தின் திசைநோக்கித் திருப்பிய ஆண்டெனா வழியாக வாங்கி, ஒரு கம்பியில் வீட்டுக்குள் உள்ள மோடத்துக்கு இறக்கினால், சுவரில் இழந்தது மீள்வதும் ஆண்டெனாவின் குவிப்புத் திறனும் உயரமும் சேர்ந்து 300 மடங்கு வரை வேறுபாடு உண்டாகும். தூரத்தில் இது நான்கு மடங்குக்கும் மேல். பொருத்துபவர் குழாயைக் கையால் சிறிது சிறிதாகத் திருப்பும்போது, அவர் கைபேசியில் ஓடும் செயலியில் அலையின் வலிமையை டெசிபலில் காட்டும் எண் மைனஸ் 115இலிருந்து மைனஸ் 95 வரை ஏறுகிறது என்றால், அந்த வீடு நூறு மடங்கு வலுவான அலையைப் பெறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மின்காந்த அலை போய்வர ஆகும் நேரமும் ஒரு வரம்பாக இருந்தது. தொலைவில் உள்ள கைபேசி தன் முறை வருவதற்குச் சற்று முன்பே பேசத் தொடங்கினால்தான் அதன் குரல் உரிய நேரத்தில் கோபுரத்தை அடையும். இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் இந்த முன்கூட்டலுக்கு இருந்த இடம் 35 கிலோமீட்டரோடு தீர்ந்துவிட்டது. நான்காம் தலைமுறை அதை 100 கிலோமீட்டர் வரை நீட்டித்துவிட்டதால், இப்போது கடிகாரம் ஒரு தடையாக இல்லை.

ஊராட்சிக்கு ஒரு கோபுரம்

இந்தியாவின் தொலைத்தொடர்புத் தரங்களை வகுப்பதற்காக 2014இல் தொடங்கப்பட்ட டிஎஸ்டிஎஸ்ஐ என்னும் அமைப்பு, ஐந்தாம் தலைமுறைக்கான பன்னாட்டு விவாதத்தில் எழுப்பிய வாதம் எளிமையானது. இந்தியக் கிராம மக்கள் பரந்த நிலத்தில் தனித்தனி வீடுகளாகச் சிதறிக் கிடப்பதில்லை; சிறு சிறு ஊர்களாகக் கூடி வாழ்கிறார்கள், அவ்வூர்கள் ஓர் ஊராட்சியைச் சூழ்ந்து சில கிலோமீட்டருக்குள் அமைகின்றன. கண்ணாடியிழை வடம் ஊராட்சித் தலைமையிடம் வரை வந்துசேர்ந்துவிட்டால், அங்கே ஒரு கோபுரத்தை நிறுத்தி, அதைச் சுற்றியுள்ள எல்லா ஊர்களையும் எட்ட வேண்டும். அதற்கு அடுத்தடுத்த கோபுரங்களுக்கு இடையே 6 கிலோமீட்டர் தூரம் இருக்கலாம் என்ற நிலையில் தொழில்நுட்பம் வேலை செய்தாக வேண்டும். அதுவரை ஊர்ப்புறத்துக்கென்று உலகம் வைத்திருந்த சோதனைக் கணக்கில் அந்த இடைவெளி 1,732 மீட்டர். குறைந்த நடமாட்டம், பெரிய பரப்பு என்று பெயரிடப்பட்ட இந்திய முன்மொழிவைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017இல் ஐந்தாம் தலைமுறைக்கான மதிப்பீட்டு நெறிகளில் சேர்த்துக்கொண்டது. இடைவெளி மூன்றரை மடங்கு ஆகும்போது ஒரு கோபுரம் காக்கும் பரப்பு பன்னிரண்டு மடங்காகிறது என்பதில் இதன் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பன்னிரண்டு கோபுரங்களை ஒரு நிறுவனம் கிராமத்தில் நிறுத்தாது; ஒன்றை நிறுத்தும்.

இந்த இலக்கை எட்டுவதற்காகச் சென்னை ஐஐடி, அதைச் சார்ந்த சீவிட் ஆய்வு மையம், ஹைதராபாத் ஐஐடி ஆகியவற்றின் பொறியாளர்கள் அலைவடிவத்தில் கைவைத்தார்கள். வழக்கமான அலைவடிவம் உச்சமும் பள்ளமுமாக ஏறி இறங்குவதால், உச்சம் வரும்போது சிதையாமல் இருக்கக் கைபேசியின் பெருக்கி எப்போதும் தன் வலிமையில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்தே இயங்க வேண்டியிருக்கிறது. ஏற்ற இறக்கம் மிகக் குறைந்த ஓர் அலைவடிவத்தைப் பயன்படுத்தினால் அந்த ஒதுக்கீடு தேவைப்படாது. முழு வலிமையும் ஏறுவழிக்குக் கிடைக்கும். இதை மையமாகக் கொண்ட 5ஜிஐ என்னும் இந்தியத் தரம் 2021 பிப்ரவரியில் பன்னாட்டு ஒன்றியத்தின் ஐந்தாம் தலைமுறைப் பரிந்துரையில் இடம்பெற்றது.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதை எதிர்த்தன. உலகெங்கும் ஒரே தரத்தில் கைபேசிகள் செய்யப்படும்போது இந்தியாவுக்கு மட்டும் தனித் தரம் என்றால் விலை ஏறும் என்பது அவற்றின் வாதம். அது நியாயமானதும்கூட, ஏனெனில் விலையேற்றத்தை முதலில் சுமந்திருப்பவர் கிராமத்து வாடிக்கையாளரே. 2021 டிசம்பரில் எட்டிய உடன்பாட்டின்படி இந்தியத் தரத்தின் கூறுகள், உலகத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 17ஆம் பதிப்பில் இணைக்கப்பட்டன. இணைந்தது நல்லது. ஆனால் தரநூலில் ஒரு கூறு இடம்பெறுவது வேறு, அது கைபேசியிலும் கோபுரத்திலும் இயங்குவது வேறு. இத்தகைய கூறுகளைக் கைபேசி செய்வோர் தம் விருப்பம்போல் சேர்க்கலாம், விடலாம் என்ற நிலை இருக்கும்வரை, நகரத்துக் கடையில் விற்கும் கைபேசியில் கிராமத்துக்கான திறனைச் சேர்க்க அவர்களுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. அரசு கொள்முதல் விதிகளின் வழியாகவும் உரிம நிபந்தனைகளின் வழியாகவும் அந்தக் கட்டாயத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். அந்தப் பணி இன்னும் மிச்சமிருக்கிறது.

இந்தச் சிந்தனைக்குச் சென்னையில் ஒரு முன்னோடியும் உண்டு. 1990களில் சென்னை ஐஐடியின் டெநெட் குழுவில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, டிமதி கொன்சால்வஸ் ஆகியோர் உருவாக்கிய கார்டெக்ட், அலுவலகங்களுக்குள் வடமில்லாத் தொலைபேசிக்காக ஐரோப்பா வகுத்த தரத்தை எடுத்து, கூரைமேல் ஆண்டெனா வைத்து 10 கிலோமீட்டருக்கும், இடையே அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு நிலையம் வைத்து 25 கிலோமீட்டருக்கும் நீட்டியது. நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் என்ற வேகம் இன்று அற்பமாகத் தோன்றும். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தின் ஊர்களில் 2000களின் தொடக்கத்தில் இணைய மையங்கள் இயங்கியதும், அங்கிருந்து எடுத்த கண்ணின் படங்கள் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனதும் அந்த வேகத்தில்தான். கையோடு எடுத்துச்செல்லும் பேசி மலிந்தபோது, சுவரில் மாட்டிய கார்டெக்ட் நிலைக்கவில்லை. எனினும் கூரைமேல் ஆண்டெனா, ஊருக்கு நடுவே ஒரு தளம், அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் என்ற அதன் அமைப்பு, இன்று வீட்டுக்கு வடமின்றி இணையம் தரும் ஐந்தாம் தலைமுறைச் சேவையின் அமைப்பாகவே இருக்கிறது.

ஆறு ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த அலைக்கற்றை

கிராமத்துக்கு மிகவும் ஏற்ற 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை இந்தியாவில் நெடுங்காலம் யாருக்கும் பயன்படாமல் கிடந்த கதையை மறைக்கக் கூடாது. 2016 ஏலத்தில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என்று அடிப்படை விலை வைக்கப்பட்டது, ஒருவரும் கேட்கவில்லை. 2021இல் விலையைக் குறைத்தும் விற்கவில்லை. 2022 ஆகஸ்டில், மெகாஹெர்ட்ஸுக்கு 3,927 கோடி ரூபாய் என்று வந்த பிறகே ஜியோ நிறுவனம் நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டங்களிலும் 10 மெகாஹெர்ட்ஸ் வீதம் 39,270 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2023இல் பிஎஸ்என்எல்லுக்கும் இக்கற்றையில் ஒதுக்கீடு கிடைத்தது. கருவூலத்துக்குப் பெருந்தொகை வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் ஆறு ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் கருவூலத்துக்கும் பணம் வரவில்லை, கிராமத்துக்கும் அலை வரவில்லை. அலைக்கற்றை சேமித்துவைத்தால் பெருகும் பொருளன்று. பயன்படுத்தாத ஒவ்வொரு நாளும் இழப்பே.

இந்த இழப்பை மறுபுறத்தில் அரசே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. 2022 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை, கைபேசிச் சேவையே எட்டாத 24,680 ஊர்களுக்கு நான்காம் தலைமுறையைக் கொண்டுசேர்க்கவும், பழைய தலைமுறையிலேயே நின்ற 6,279 ஊர்களை மேம்படுத்தவும் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஊருக்குச் சராசரியாக 85 லட்சம் ரூபாய். அந்தப் பணியை ஏற்ற பிஎஸ்என்எல், சி-டாட், தேஜஸ், டிசிஎஸ் ஆகியவை உள்நாட்டிலேயே உருவாக்கிய கருவிகளைக் கொண்டு வலையமைப்பை நிறுவி வருகிறது. 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் அது முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. ஒரு கோபுரம் மூன்று ஊர்களை எட்டுமானால் அதே பணம் எவ்வளவு தூரம் பாய்ந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நெடுந்தொலைவுக் கோபுரத்துக்கும் எல்லை உண்டு. 10 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில், ஊர்ப்புறத்துக்குப் பன்னாட்டு ஒன்றியம் விதித்த சராசரித் திறனை எட்டினாலும், கோபுரத்தின் ஒரு முகம் நொடிக்கு 33 மெகாபிட் மட்டுமே தரும். மூன்று முகங்களும் சேர்ந்தால் 100. இதை ஐந்நூறு வீடுகள் ஒரே மாலையில் காணொளிக்குக் கேட்டால் போதாது. ஆகவே கோபுரத்துக்கு அருகில் உள்ள வீடுகளுக்கு 3,500 மெகாஹெர்ட்ஸில் மிகுதியான கொள்ளளவைக் கொடுத்து, தாழ்ந்த அலைக்கற்றையை தொலைவில் உள்ள ஊர்களுக்கும் எல்லோருடைய ஏறுவழிக்கும் ஒதுக்கும் கலப்பு முறையே அறிவுடைய வழி.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் இங்கே பாடமாகிறது. அந்நாட்டின் என்பிஎன் என்னும் அரசு நிறுவனம் 2015இலும் 2016இலும் தனக்கென இரண்டு செயற்கைக்கோள்களை ஏவி, தொலைவான பண்ணைகளுக்கு இணையம் தந்தது. அதே நிறுவனம் 2022இல் 75 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவில் தன் வடமில்லாக் கோபுரங்களை மேம்படுத்தும் திட்டத்தை அறிவித்து, அவற்றின் எல்லையை 14 கிலோமீட்டரிலிருந்து 29 கிலோமீட்டர் வரை நீட்டி, செயற்கைக்கோளை நம்பியிருந்த 1,20,000 வீடுகளும் தொழிலிடங்களும் கோபுரத்துக்கு மாற வழிசெய்தது. எஞ்சிய தொலைநிலங்களுக்குத் தாழ்சுற்றுச் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்த 2025இல் அமேசானோடு உடன்பாடு செய்துகொண்டது. மக்கள் இத்தனை அருகிய நாடே கோபுரம் எட்டும் வரை கோபுரம், அதற்கு அப்பால் வானம் என்று வரிசைப்படுத்தியிருக்கும்போது, இந்தியா அவ்வரிசையைத் தலைகீழாக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

வானத்துக்கு உரிய இடமும் மறுக்க முடியாதது. மலைமுகட்டின் மறைவில் உள்ள பழங்குடிக் குடியிருப்புக்கு, மறுபுறம் கோபுரம் நின்றாலும் அலை இறங்காது. கடலுக்குள் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வலைவிரிப்பவருக்குக் கரையின் எந்தக் கோபுரமும் கிட்டாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்து மீனவர்கள் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்ததும், அதன் விளைவாக எத்தனை வீடுகள் ஆளிழந்தன என்பதும் தமிழகம் மறக்கக்கூடியதன்று. 1,00,000 மீன்பிடிப் படகுகளில் 364 கோடி ரூபாயில் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்தும் ஒன்றியத் திட்டம் செயற்கைக்கோளை அதன் சரியான இடத்தில் வைக்கிறது.

கோபுரத்தின் வேர் கண்ணாடியிழை. அது உயிரோடு இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடவாது. 2011இல் வேறு பெயரில் தொடங்கிய பாரத்நெட் திட்டத்தில் ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்திருந்தும், மூலையில் உள்ள பூட்டிய பெட்டிக்கு மின்சாரம் இல்லாமல், அல்லது சாலை விரிவாக்கத்துக்குத் தோண்டிய ஜேசிபி வாளியில் இழை அறுந்து, விளக்கு எரியாமல் கிடக்கும் இடங்கள் உண்டு. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம், ஒவ்வொரு ஊராட்சியையும் வளைய வடிவில் இரு வழியாக இணைக்கிறது. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் இயங்கும். தமிழகத்தில் 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டுசெல்லும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்த இழையின் முனையில் 700 மெகாஹெர்ட்ஸ் கருவி ஒன்றை நிறுத்த எந்த நிறுவனம் முன்வந்தாலும் இடமும் மின்சாரமும் ஊராட்சி தரலாம் என்ற ஏற்பாடு, மாநில அரசு எடுக்கக்கூடிய முடிவு.

இதில் வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் வகுத்த விதிகளின்படி, ஒவ்வொரு கைபேசி நிறுவனமும் தன் சேவை எங்கெங்கே எட்டுகிறது என்பதை வரைபடமாகத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் உங்கள் ஊரைத் தேடிப்பாருங்கள். வண்ணம் தீட்டிய இடத்தில் நின்று ஒரு படத்தை மேலேற்றிப்பாருங்கள். ஏறவில்லை என்றால் எந்த இடம், எந்த நேரம், எந்த நிறுவனம் என்று குறித்துக்கொண்டு அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். ஊராட்சி அலுவலகத்து இழைப் பெட்டியின் விளக்கு எரிகிறதா என்பதையும் அதே கூட்டத்தில் கேளுங்கள்.